தம்பியின் கஞ்சாப் பழக்கம்: முதலில் எங்கே கூட்டிப் போவது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தம்பிக்கு 20 வயது. குழித்துறைப் பக்கம் வீடு. டிப்ளமோ முடித்துவிட்டு கல்ஃப் விசாவுக்காகக் காத்திருக்கிறான். இரண்டு வருடமாகக் கஞ்சா. "இது மூலிகை, சாராயம் மாதிரி இல்லை, யாரையும் அடிமையாக்காது" என்கிறான். அது உண்மையா என்பது உங்கள் கேள்வி. அதற்கு நாலு வரி தள்ளி, மூன்று வாரமாக அவன் சரியாகத் தூங்குவதில்லை, ஜன்னலைத் திறக்க விடுவதில்லை, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சொல்லி ஃபோனை உடைத்துவிட்டான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், ஒரு மறுவாழ்வு மையத்தார் வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்கிறார்கள், சம்மதிக்கலாமா. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ், பாஸ்போர்ட் என்று வம்பு வருமா என்று கேட்கிறீர்கள்.

அடிமையாக்குமா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதைவிட அவசரமானது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த மூன்று வாரம். நான் மனநல மருத்துவன், இதே மாவட்டத்தில் பல வருடமாக வேலை செய்கிறவன். நேரில் பார்க்காமல் எந்த நோய்க்கும் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் கஞ்சா புகைக்கும் இருபது வயதுப் பையனுக்குத் தூக்கம் போய், சந்தேகமும் வந்துவிட்டது என்றால், அதை வெறும் பழக்கப் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது. மூளை உண்மையையும் கற்பனையையும் பிரித்தறிய முடியாமல் தடுமாறுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இதை சைக்கோசிஸ் என்போம். இதற்கு மருந்து உண்டு, பெரும்பாலும் நன்றாகக் கேட்கும், சீக்கிரம் தொடங்கினால் இன்னும் நன்றாகக் கேட்கும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் மனநல மருத்துவர், தூக்கமும் சந்தேகமும் அடங்கட்டும், பழக்கத்தை விடுவிக்கும் வேலை அதற்குப் பின்னால். மறுவாழ்வு மையத்து வண்டியில் ஏற்றுவது இந்த வரிசையைத் தலைகீழாக்கும். தன்னை யாரோ பிடிக்க வருகிறார்கள் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் பையனை நான்கு பேர் வந்து பிடித்துக்கொண்டு போனால் அவன் மனசு என்ன முடிவுக்கு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கஞ்சாவுக்கும் இந்த நிலைக்கும் உள்ள தொடர்பில் எது உறுதி, எது விவாதத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், தம்பி நிச்சயம் வாதாடுவான். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். அது போய் உட்காரும் இடங்கள் மூளையில் நினைவு, பயம், காலக்கணக்கு, மகிழ்ச்சி ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளில் நிறைய உண்டு. அதிக அளவு டிஎச்சி, ஆரோக்கியமான ஆளுக்குக்கூடச் சில மணி நேரம் சந்தேகத்தையும் குழப்பத்தையும் வரவழைக்கும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நீண்டகாலப் பழக்கத்தைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு ஸ்வீடனில் நடந்தது. 1969–70ல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். அதிகம் புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு இருந்ததாக 1987ல் வெளியிட்டார்கள். 2019ல் ஐரோப்பாவின் பல நகரங்களையும் பிரேசிலையும் சேர்த்து நடத்திய ஆய்வில், தினமும் புகைப்பவர்களுக்கு வாய்ப்பு மூன்று மடங்கு, தினமும் வீரியம் கூடிய சரக்கைப் புகைப்பவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று வந்தது.

விவாதம் இருக்குமிடம் இது: கஞ்சாதான் நோயைக் கொண்டுவருகிறதா, அல்லது ஏற்கெனவே குடும்பவழியாக நோய்க்கு ஏதுவான மூளை உள்ளவர்கள் கஞ்சாவையும் அதிகம் நாடுகிறார்களா? இரண்டும் கலந்துதான் நடக்கிறது என்பது என் கருத்து. புகைக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு மனச்சிதைவு வருவதில்லை, அதுவும் உண்மை. "என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் இழுக்கிறானுங்க, அவனுங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று தம்பி சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் இப்போது அறிகுறி வந்திருப்பது நண்பர்களுக்கு இல்லை, அவனுக்கு. டென்மார்க்கில் கஞ்சாவால் சைக்கோசிஸ் வந்து ஆஸ்பத்திரியில் பதிவானவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவோ இருதுருவ நோயோ (பைபோலார்) உறுதியானது. ஆஸ்பத்திரி வரை வந்தவர்கள் என்பதால் அவர்கள் கொஞ்சம் தீவிரமானவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அந்தக் கணக்கை அப்படியே தம்பிமேல் போட வேண்டாம். "விட்டால் தானாகச் சரியாகிவிடும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது முன்பு மனநோய் இருந்ததா என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். நம் ஊரில் இதை மறைத்து வைப்பார்கள், மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

சரி, அடிமையாக்குமா? ஆக்கும், எல்லாரையும் அல்ல. ஒரு தடவையாவது தொட்டவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவுக்கு அடிமைப்படுகிறார்கள் என்பது பழைய அமெரிக்கக் கணக்கு; பதின்ம வயதிலேயே தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். சாராயத்தையும் புகையிலையையும்விட இந்த விகிதம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். விடும்போது உடம்பும் காட்டிக்கொடுக்கும்: எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை, கெட்ட கனவுகள், வியர்வை. ஓரிரு நாளில் தொடங்கி முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கம் மட்டும் ஒரு மாதம் வரை இழுக்கலாம். கஞ்சாவை மட்டும் நிறுத்துவதால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் குடியோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்திருந்தால் திடீரென்று நிறுத்துவது வலிப்பில் கொண்டுபோய் விடலாம். இப்போது வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமும் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. ஆகவே அவன் கையின் மடிப்பை ஒருதடவை சாதாரணமாகக் கவனியுங்கள், மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பெற்றோர் என்னிடம் கேட்கும்போது ஒரு அம்மா கொண்டுவந்து மேசைமேல் வைத்ததைத்தான் நினைத்துக்கொள்வேன்: ஒரு கல்யாணப் பத்திரிகை. நல்ல கனமான அட்டை, தங்க எழுத்து. அதன் ஓரம் முழுக்க விரல்நகம் அகலத்துக்குத் துண்டு துண்டாகக் கிழித்திருந்தது. சுருட்டின் வாய்ப்பக்கம் டிப் வைக்க அந்த அட்டைதான் வசதி. "சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் எங்கன்னு பார்க்க எடுத்தேன் டாக்டர், மண்டபத்துப் பேரையே காணோம்" என்றார். சட்டைப்பையில் கண்ணுக்கு விடும் சொட்டுமருந்து, மெல்லிய பேப்பர் புத்தகம், ஆட்காட்டி விரலில் பழுப்புக் கறை, இதெல்லாம் வழக்கமான அடையாளங்கள். ஆனால் உங்கள் வீட்டில் துப்பறிய எதுவும் இல்லை, அவனே ஒத்துக்கொண்டிருக்கிறான். அது எவ்வளவு பெரிய அனுகூலம் என்று உங்களுக்குத் தெரியவில்லை. ஒத்துக்கொள்ள வைக்கவே எங்களுக்குப் பல வாரம் போகும்.

"மூலிகை" வாதத்துக்கு வருவோம். நம் மாவட்டம் படித்த மாவட்டம், மறுப்பும் படித்த மறுப்பாகத்தான் வரும். சித்த மருத்துவத்தில் கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு என்பான். உண்டுதான். சுத்தி செய்து, வேறு பத்துச் சரக்கோடு, அளவு பார்த்து, வைத்தியர் கொடுப்பது அது. பீடித் தூளோடு கலந்து ஒரு நாளைக்கு நாலு தடவை இழுப்பதற்கு எந்தச் சித்தரும் சீட்டு எழுதவில்லை. அமெரிக்காவில் மருந்தாக ஒப்புக்கொண்டார்களே என்பான். 2018ல் அங்கே அனுமதி கிடைத்தது, குழந்தைகளுக்கு வரும் சில அரிய வலிப்பு நோய்களுக்காக, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த சிபிடி என்ற பொருளுக்கு. அதில் போதை கிடையாது. இன்னொன்று, இன்றைய சரக்கு தாத்தா காலத்துச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்ததில் 1995ல் 4 சதவீதம் போல இருந்த டிஎச்சி இருபது ஆண்டில் மூன்று மடங்கானது. நம் ஊர்ப் பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது விற்கிறவனுக்கே தெரியாது.

மற்ற கேடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாள்பட்ட இருமலும் சளியும் உறுதி. நுரையீரல் புற்றுநோய்க்குத் தனியாகக் கஞ்சாதான் காரணம் என்று சொல்லச் சான்று போதாது, கூடக் கலக்கும் புகையிலைக்கு நிறையவே இருக்கிறது. புகைத்த உடனே இதயத் துடிப்பு கூடும். மாதக்கணக்கில் தினமும் புகைக்கும் சிலருக்கு விட்டுவிட்டு அடங்காத வாந்தி வரும், வெந்நீரில் நின்று குளித்தால்தான் தணியும். வயிற்றுக்கு எண்டோஸ்கோபி வரை பார்த்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வருவார்கள். வயது முக்கியம், மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. நியூசிலாந்தில் சிறு வயதிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில், பதின்ம வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களின் அறிவுத்திறன் அளவெண் (ஐக்யூ) எட்டுப் புள்ளி வரை இறங்கியதாக 2012ல் சொன்னார்கள். இரட்டையர்களை வைத்துப் பிறகு செய்த ஆய்வுகள் அது குடும்பச் சூழலின் விளைவாகவும் இருக்கலாம் என்றன. ஆகவே அதை வைத்து அவனைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் பைக்கை வைத்துப் பயமுறுத்தலாம், சாவியையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். போதையில் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறன் குறைகிறது. மார்த்தாண்டம் சாலையில் அதற்கு மன்னிப்பு இல்லை.

இனி எங்கே போவது. நாகர்கோவில் பக்கம் ஆசாரிபள்ளத்தில் இருக்கும் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓபி சீட்டுப் போட்டு நேரே அங்கே போகலாம், பணம் இல்லை. நாகர்கோவில் தூரம் என்றால் பக்கத்து அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் மனநல மருத்துவரிடம் போவதிலும் தப்பில்லை. வாசலைத் தாண்டும் முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் செத்துவிடுவேன் என்று சொன்னாலோ, காதில் குரல் கேட்டு அது கட்டளையிடுகிறது என்றாலோ, கத்தி அரிவாளைப் பக்கத்தில் வைத்துத் தூங்கினாலோ, சாப்பாட்டில் விஷம் என்று சாப்பிடாமல் இருந்தாலோ ஓபி நாள் பார்த்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே 108, நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

கூட்டிப் போவதுதான் கஷ்டமான வேலை. "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு", "கஞ்சாவால வந்த வினை" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். பக்கத்து வீட்டார் பேசவில்லை என்று நிரூபிக்கப் போகாதீர்கள், அவர்களோடு நீங்களும் சேர்ந்துவிட்டதாக நினைப்பான். ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். "எனக்கு ஒண்ணும் கேட்கலை, ஆனா நீ ரொம்பப் பயந்து போயிருக்கேன்னு தெரியுது" என்பது போதும். தூக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது அவனுக்கே தொந்தரவாக இருக்கிறது. "மூணு வாரமா தூங்கலையே மக்கா, தூக்கத்துக்கு மட்டும் ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்று சொல்லி வர வைத்தவர்கள் நிறைய. மாமா, சித்தப்பா, பங்குச் சாமியார் என்று கூட்டம் போட வேண்டாம். அவன் நம்பும் ஒரே ஒருவர் போதும், உங்கள் கடிதத்தைப் படித்தால் அது நீங்கள்தான் என்று தோன்றுகிறது. தியானத்துக்கோ கோயிலுக்கோ கூட்டிப் போகலாமா என்று அம்மா கேட்பார். தாராளமாகப் போகட்டும், மாத்திரையை நிறுத்தாமல். ஆனால் கட்டிப் போடும் இடம், உபவாசம் என்று பட்டினி போடும் இடம் எதுவாக இருந்தாலும் கூடவே கூடாது. 2001ல் ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்து செத்ததை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பயம் குறையும். முதல் நாள் நிறையப் பேச்சுத்தான், கொஞ்சம் ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை. தினமும் புகைத்தவருக்கு நிறுத்தி மூன்று நான்கு வாரம் ஆன பிறகும் சிறுநீரில் தெரியலாம். அதைப் பார்த்து "திரும்பவும் இழுத்துட்டான்" என்று முடிவு கட்ட வேண்டாம். சந்தேகத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை கொடுப்போம். பெரும்பாலும் தூக்கம் சில நாளில் வரும், சந்தேகம் தளரச் சில வாரம் ஆகும். நன்றாக ஆனதும் தானாக நிறுத்திவிடுவதுதான் நாங்கள் பார்க்கும் பெரிய சிக்கல். கஞ்சா ஆசையை மட்டும் அடக்கும் மருந்து என்று ஒப்புதல் பெற்றது இன்று வரை உலகத்தில் எதுவும் இல்லை. அப்படி லேகியம், ஊசி என்று விற்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். பலன் தருவது பேச்சுச் சிகிச்சை: எதற்காக இழுக்கிறான், எந்த நேரத்தில், யாரோடு, அந்த இடத்தில் வேறு எதை வைப்பது என்று வாரவாரம் பேசிப் பார்ப்பது. உங்கள் தம்பி விஷயத்தில், விசா வரும் வரும் என்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்தக் காத்திருப்பு எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது. சந்தேகம் அடங்கியதும் பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலாவது காலை முதல் மாலை வரை ஒரு வேலை வேண்டும். திரும்ப ஒருதடவை இழுப்பான், பெரும்பாலோர் அப்படித்தான். அதற்காகச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைத்துப் பாதியில் விடாதீர்கள்.

மையத்தைப் பற்றி. எல்லா மையமும் மோசமில்லை, பின்னால் ஒருவேளை தேவையும்படலாம். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பிரச்சினைகளையும் உள்ளடக்கியது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், முதல் வாரமே வீட்டார் பார்க்கலாமா, ஃபோனில் பேசலாமா என்று கேளுங்கள். மூன்று மாதம் யாரையும் பார்க்க விடமாட்டோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவன் சம்மதமே இல்லாமல் சேர்த்தாக வேண்டிய நிலை வந்தாலும் அதற்கு அதே சட்டத்தில் வழி இருக்கிறது: இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து, அவன் சார்பில் குடும்பத்திலிருந்து ஒருவர் கையெழுத்திட்டு, முதலில் 30 நாள் வரை. அது ஆஸ்பத்திரி வழியாக நடப்பது, வண்டி அனுப்புகிறவர் வழியாக அல்ல.

போலீஸ் பற்றி நான் வக்கீல் இல்லை, ஆனால் தினமும் கேட்கப்படும் கேள்வி இது. சிகிச்சைக்கு வந்தவரின் விவரத்தை ரகசியமாக வைக்க மருத்துவருக்குச் சட்டக் கடமை உண்டு. கஞ்சா புகைத்தார் என்று நாங்கள் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி புகைப்பதும் குற்றம்தான், ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய பழக்க அடிமை ஒருவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தர வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். விற்பவருக்கு இது பொருந்தாது. ஆகவே நண்பர்களுக்காகப் பொட்டலம் வாங்கிக் கொடுக்கிறானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேஸில் மாட்டும் பையன்கள் பலர் அப்படி மாட்டியவர்கள்தான். பாஸ்போர்ட்டுக்கு வரும் போலீஸ் விசாரணை வழக்கு இருக்கிறதா என்றுதான் பார்க்கும், ஓபி சீட்டைப் பார்க்காது.

கல்ஃப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன், வீட்டில் யார் கோபித்துக்கொண்டாலும் சரி. "அங்க போனா சரியாயிடும்" என்று அனுப்பிய பிள்ளைகள், தெரியாத ஊரில் தூக்கமில்லாத ஷிஃப்டில், மாத்திரையும் இல்லாமல், முன்பைவிட மோசமாகித் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அமீரகம் போன்ற நாடுகளில் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்தாலே வழக்கு. குறைந்தது ஆறு மாதம், மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம். "கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்று யாராவது பேச்செடுத்தால், அதையும் தள்ளி வையுங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதம் தொடங்கினான், ஒரு நாளைக்கு எத்தனை, தூக்கம் எந்தத் தேதியிலிருந்து போனது, ஜன்னல் விஷயம் எப்போது ஆரம்பித்தது, வேறு மாத்திரை உண்டா, தலையில் எப்போதாவது அடிபட்டதா, வலிப்பு வந்ததா. ஓபியில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் அந்தத் தாள் பாதி வேலையை முடித்துவிடும். அவன் முன்னால் வாசிக்க வேண்டாம், சீட்டோடு சேர்த்து மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு அதன் பெயரையும் அளவையும் இங்கே எழுதினால், என்ன பக்கவிளைவு வரும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதைச் சொல்கிறேன்.